இரண்டே நாளில் போதைத் தடுப்புப் பணியாளர்: மண்டல அலுவலர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

மே மாதக் கடைசியில் அந்தச் சுற்றறிக்கை வந்து சேரும். ஜூன் 26 சர்வதேசப் போதைப்பொருள் ஒழிப்பு நாள். அதற்குள் மண்டலத்துக்குட்பட்ட மாவட்டங்களின் ஆற்றுப்படுத்துநர்கள், களப்பணியாளர்கள், தன்னார்வலர்கள், பள்ளிகளில் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றம் நடத்தும் பொறுப்பாசிரியர்கள் எல்லோருக்கும் பயிற்சி கொடுத்து, புகைப்படங்களுடன் அறிக்கை அனுப்ப வேண்டும். 1987-இல் ஐ.நா. பொதுச்சபை இந்தத் தேதியைக் குறித்தபோது, ஆனி மாதத்தில் இங்கே முகூர்த்தம் உண்டு, மண்டபம் கிடைக்காது என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலும். பதற வேண்டாம். மண்டபம் கிடைத்துவிட்டால் முக்கால்வாசிப் பயிற்சி முடிந்த மாதிரிதான். மீதிக் கால்வாசிக்கு இந்தக் குறிப்புகள் போதும்.

முதலில் ஆள் சேர்க்க வேண்டும். யாருக்குப் பயிற்சி தேவை என்று விசாரித்துக்கொண்டிருந்தால் ஜூலை வந்துவிடும். ஒவ்வொரு பள்ளிக்கும் “ஒருவரை அனுப்பவும்” என்று ஒரு வரி போட்டால் போதும். தலைமையாசிரியர் யாரை அனுப்பினால் வகுப்பு பாதிக்காதோ அவரை அனுப்புவார். அதாவது உடற்கல்வி ஆசிரியர் வருவார், அல்லது அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகும் தமிழாசிரியர் வருவார். போன வருடம் பயிற்சிக்கு வந்தவரை அழைக்கவே கூடாது. அவர் போன வருடம் கேட்ட கேள்விக்குப் பதில் கேட்பார். மறுவாழ்வு மையங்களிலிருந்து, வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவர்கள் வருவார்கள். பழைய ஆட்கள் எங்கே என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்தாதீர்கள். அதற்கான காரணத்தைப் பின்னால் பார்ப்போம்.

அடுத்தது ஃப்ளெக்ஸ். பயிற்சியின் பெயரைவிடப் படங்கள் பெரிதாக இருக்கட்டும். நடுவில் மண்டையோடு, அதன் வாயில் சிகரெட், ஓரத்தில் உடைந்த பாட்டில். இந்த வடிவமைப்பு எல்லா அச்சகத்திலும் தயாராக இருக்கிறது, தேதியை மட்டும் மாற்றினால் போதும்.

தொடக்க விழாவை ஒன்பதரைக்கு வைத்தால் பதினொன்றரைக்குத் தொடங்கலாம். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை. பிளாஸ்டிக் ஒழிப்பும் உங்கள் பொறுப்பில் இருந்தால் பொன்னாடைக்குப் பதில் புத்தகம். பிறகு சிறப்பு விருந்தினர் பேசுவார். சமுதாயம் எங்கே போகிறது, தன் காலத்தில் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள், செல்போன் எப்படிக் கெடுக்கிறது என்பதைப் பேசிவிட்டு, வேறொரு நிகழ்ச்சி இருப்பதால் மன்னிக்கவும் என்று கிளம்புவார். அவரோடு பாதிக் கூட்டமும் வாசல்வரை போகும். அதற்கு முன்னால் உறுதிமொழியை முடித்துவிடுங்கள். வலது கையை நீட்டி எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் அந்தப் படம்தான் அறிக்கையின் முதல் பக்கத்துக்குப் போகும். 2020 ஆகஸ்ட் 15 அன்று 272 மாவட்டங்களில் தொடங்கிய நஷா முக்த் பாரத் அபியான் இன்று நாடெங்கும் பரவி, சென்றடைந்தவர்களைக் கோடிக்கணக்கில் எண்ணிக்கொண்டிருக்கிறது. உங்கள் மண்டபத்தில் நீட்டப்பட்ட கைகளும் அந்தக் கணக்கில் சேரும். பந்தி பரிமாற வந்த சமையல்காரரும் கை நீட்டியிருந்தால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனிக் கருத்தாளர்கள். இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2013-இல் போதைத் தடுப்புக்கான சர்வதேசத் தர நெறிகள் என்று ஒன்றை வெளியிட்டது. 2018-இல் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்துகொண்டு இரண்டாம் பதிப்பு வந்தது. எந்தெந்த வழிகளில் பிள்ளைகளிடம் பேசினால் பயன் இல்லை, சில சமயம் எதிர்விளைவே வரும் என்று அதில் வரிசையாக எழுதியிருக்கிறார்கள்: ஒருவரே நின்று சொற்பொழிவாற்றுவது, பயமுறுத்துவது, வெறும் தகவலை அள்ளிக் கொட்டுவது, நீதிபோதனை மட்டும் செய்வது, போதையிலிருந்து மீண்டவரை மேடையேற்றிச் சொந்தக் கதை சொல்லவைப்பது, போலீஸ்காரரைக் கொண்டு வகுப்பெடுப்பது. நம்முடைய நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே யாரோ அவர்களுக்கு அனுப்பிவைத்த மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் 1983-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ‘டேர்’ என்று ஒரு திட்டம் தொடங்கி, போலீஸ் அதிகாரிகளையே பள்ளிகளுக்கு அனுப்பி வகுப்பெடுக்க வைத்தார்கள். அது நாடு முழுக்கப் பரவியது, ஸ்டிக்கரும் டி-ஷர்ட்டும் அமோகமாகப் போயின. பிறகு ஆய்வாளர்கள் வரிசையாக உட்கார்ந்து அளந்து பார்த்தபோது, வகுப்பில் இருந்த பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் போதைப் பழக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே அந்தத் தர நெறி நூலைப் படித்த கருத்தாளர் யாராவது உங்கள் பட்டியலில் இருந்தால், அவருக்கு இரண்டாம் நாள் மாலை நாலரை மணி ஒதுக்குங்கள். அப்போது எல்லோரும் பஸ்ஸைப் பிடிக்கப் போயிருப்பார்கள்.

படங்கள் காட்டுகிறவர்களுக்குக் காலை நேரம். கறுத்த நுரையீரல், வீங்கிய கல்லீரல், வாய்ப் புற்றுநோய். மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்பாக வைத்தால் கேட்டரிங் செலவிலும் மிச்சமுண்டு.

கருத்தாளர் நமக்கு வகுப்பெடுத்தால் போதாது, செய்தும் காட்ட வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால், பக்கத்து உயர்நிலைப் பள்ளிக்குக் கூட்டிப் போகலாம். அங்கே நடப்பதை மட்டும் அறிக்கையில் எழுத வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு. புரொஜெக்டரில் புகையிலைப் பொட்டலத்தின் படம் வருகிறது. “இதோ, கூல் லிப். இதை உதட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் தெரியுமா?” என்று கருத்தாளர் முழங்குகிறார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “சார், இது பழைய பாக்கெட் சார். இப்ப வேற மாதிரி வருது.” வகுப்பு சிரிக்கிறது. அடுத்த படம், வலி நிவாரண மாத்திரை. எந்தப் பெயரில் வருகிறது, எப்படிக் கரைக்கிறார்கள், என்ன செய்யும் என்று விலாவாரியாக விளக்குகிறார். அதுவரை எதையும் குறிப்பெடுக்காத பையன் ஒருவன் பேனாவைத் திறக்கிறான். இன்னொருவன் எழுந்து, “சார், சிகரெட் வித்தா தப்புங்கிறீங்க. சரக்க கவர்மெண்டே விக்குதே சார்?” என்கிறான். 1983-இல் பிறந்து 2003 கடைசியில் சில்லறை விற்பனையையும் தன் கைக்குக் கொண்டுவந்த டாஸ்மாக்கைப் பற்றி நம் பயிற்சிக் கையேட்டில் எதுவும் இல்லை. “நல்ல கேள்வி, கடைசியில் பார்ப்போம்” என்பதுதான் இதற்கு அனுமதிக்கப்பட்ட பதில். கடைசி வராது, மணி அடித்துவிடும்.

வகுப்பு முடிந்து வெளியே வரும்போது பள்ளிச் சுவரை ஒட்டி ஒரு பெட்டிக்கடை இருக்கும். கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. குட்கா வகையறாவுக்குத் தமிழ்நாட்டில் 2013-இலிருந்தே தடை. பயிற்சியாளர்கள் எல்லோரும் அந்தக் கடையில்தான் டீ குடிப்பார்கள். கெஜக்கோல் யாரிடமும் இருக்காது.

அந்தத் தர நெறி நூல் என்னதான் செய்யச் சொல்கிறது என்று ஆர்வக்கோளாறில் யாராவது கேட்கலாம். சொல்லிவைக்கிறேன், ஆனால் செய்து பார்க்க வேண்டாம். ஒன்று, பெற்றோருக்குப் பயிற்சி. பிள்ளையை எப்படிக் கண்டிப்பது, எப்படிப் பேச்சுக்கொடுப்பது, இரவு வீட்டுக்கு வராவிட்டால் என்ன கேட்பது என்பது மாதிரி விஷயங்கள். இன்னொன்று, பள்ளியில் வாரம் ஒன்றாகப் பத்துப் பதினைந்து வகுப்புகள், பயிற்சி பெற்ற ஆசிரியரே நடத்துவது, அதிலும் பிள்ளைகள் பேசிப் பழகிச் செய்து பார்ப்பது. கூட்டாளி நீட்டும்போது கூட்டாளித்தனம் கெடாமல் வேண்டாம் என்று சொல்வது எப்படி என்பதை வாயால் சொல்லிப் பழகவே இரண்டு வகுப்பு ஆகும். மூன்றாவது, கேட்டால் சிரிப்பீர்கள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, எந்தக் குழு கட்டுப்பாட்டோடு உட்கார்ந்து பாடத்தைக் கவனிக்கிறதோ அதற்குப் பரிசு. அவ்வளவுதான். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் எண்பதுகளில் இதை ஆடிய பிள்ளைகளை இருபது வயதுவரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். முரட்டுப் பையன்களாக இருந்தவர்களில், இந்த விளையாட்டை ஆடியவர்களிடம் போதைச் சிக்கல் குறைந்திருந்தது. இதில் நமக்கு என்ன கஷ்டம் என்று கேட்கிறீர்களா? விளையாட்டில் போதை என்ற பேச்சே வராது. பிறகு ஃப்ளெக்ஸில் எதை அச்சடிப்பது? பலன் தெரியப் பதினைந்து வருடம் ஆகும். அதற்குள் நீங்கள் எத்தனை மாவட்டம் மாற்றலாகிப் போயிருப்பீர்கள்?

சிகிச்சைப் பகுதிக்கு நிகழ்ச்சி நிரலில் நாற்பத்தைந்து நிமிடம் போட்டிருப்பீர்கள். சிறப்பு விருந்தினர் எடுத்துக்கொண்டது போக ஐந்து நிமிடம் மிஞ்சும். அந்த ஐந்து நிமிடத்தில் மனநல மருத்துவர் ஒருவர் வேகமாக ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போவார். இரண்டு நாளில் ஒரே ஒரு விஷயத்தைக் காதில் வாங்கிக்கொள்வதென்றால் அதைத்தான் வாங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்: வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. முதலில் கை நடுங்கும், தூக்கம் போகும். ஒன்றிரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத பூச்சிகள் சுவரில் ஊர்வதாகத் தெரியும், யாரோ கூப்பிடுவதாகக் கேட்கும், பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாது. வீட்டில் என்ன செய்வார்கள்? கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் வாங்கிக்கொண்டு வந்து அறையில் அடைத்துவைப்பார்கள். பூச்சி பூச்சி என்று அவர் அலறினால் பேய் பிடித்திருக்கிறது என்று இன்னொரு கோயிலுக்குத் தூக்கிப் போவார்கள். வைட்டமின் பி1 ஊசியும் மாத்திரையும் கையில் இருக்கிற மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கும். களப்பணியாளர் ஒருவர் அந்த வீட்டு வாசலில் நின்று, “கயிறு கட்டுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா மொதல்ல ஆஸ்பத்திரிக்கு வாங்க” என்று சொல்லத் தெரிந்திருந்தால் ஒரு உயிர் மிஞ்சும். கள்ளச்சாராயம் குடித்தவருக்கு மறுநாள் கண் மங்கினால் அது மெத்தனால், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்பதும் இதே ரகம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகு, இதைச் சொல்லித்தர ஒரு முழு நாள் ஒதுக்கினாலும் தகும். ஆனால் மருத்துவர் பேசும்போதே சாம்பார் வாசனை வந்துவிடும். கைதட்டி அனுப்பிவையுங்கள்.

எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, குடிநோயாளிகளில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையைப் பெற்றிருக்கிறார். மீதி 37 பேரைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்து வருவதுதான் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் வேலை. இந்த எண்ணை ஸ்லைடில் போடலாம், படிக்கச் சொல்ல வேண்டாம். 14446 என்ற கட்டணமில்லா எண்ணையும் பெரிய எழுத்தில் போட்டுவிட்டால் கடமை முடிந்தது.

இப்போது நீங்கள் ஜாக்கிரதையாகத் தாண்ட வேண்டிய இடம் வருகிறது: பயிற்சிக்குப் பிறகு பணியாளருக்கு ஆதரவு தருவது. இதைத் தர ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. உதாரணத்துக்குச் சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். நோயாளிகளைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், மற்ற மையங்களின் ஆட்களுக்குப் பயிற்சி, கையேடு என்று பல பத்தாண்டுகளாக அந்த வேலை நீண்டுகொண்டே போகிறது. கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு அமைப்பு 1973-இல் போதைப்பொருள் ஆலோசனைப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, இன்று பல நாடுகளுக்கும் பொதுவான பாடத்திட்டம், தேர்வு, தொழில்முறைச் சான்று என்று வந்து நிற்கிறது. இப்படி இதை ஒரு தொழிலாக மதிக்க ஆரம்பித்தால், அடுத்து அந்தத் தொழிலாளி சம்பளம் கேட்பார்.

ஆகவே பணியாளரைத் தொகுப்பூதியத்திலேயே வைத்திருங்கள். மானியம் தாமதமானால் ஊதியமும் தாமதமாகும் என்பது இயற்கை நியதி. நியமன ஆணையில் ‘சேவை மனப்பான்மை’ என்ற தகுதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

அந்தப் பணியாளரின் ஒரு மாலை எப்படிப் போகும் என்று தெரிந்தால் உங்களுக்கு மனசு இளகிவிடும் என்பதால் ஒரு தடவை மட்டும் சொல்கிறேன். மூன்று கிராமம் பார்த்துவிட்டு ஆறரை மணி டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறார். மடியில் பதிவேட்டுப் பை. போன் அடிக்கிறது. “அக்கா, அவரு மறுபடி ஆரம்பிச்சிட்டாரு. மையத்துல இருந்து வந்து இருபது நாள்தான் ஆவுது. நீங்கதானக்கா சரியாயிரும்னு சொன்னீங்க.” பஸ் முழுக்க ஆட்கள். குரலைத் தாழ்த்திப் பேசினால் அந்தப் பக்கம் கேட்காது, உயர்த்திப் பேசினால் பஸ்ஸுக்கே தெரியும். மறுபடி குடிப்பது இந்த நோயில் சகஜம், அதற்காகக் கைவிடக் கூடாது, நாளைக்கே கூட்டிவாருங்கள் என்று சொல்லவேண்டும். சொல்கிறார். போனை வைத்ததும், தான் சொன்னது சரிதானா, நாளைக்கு மையத்தில் படுக்கை இருக்குமா, போன மாதம் இதே மாதிரி ஒருத்தி கூப்பிட்டு மறுநாள் அந்த ஆள் தூக்கு மாட்டிக்கொண்டாரே, அதை யாரிடம் சொல்வது என்று யோசித்தபடி இறங்குகிறார். மாதம் ஒருமுறை அனுபவமுள்ள ஒருவரோடு உட்கார்ந்து, இந்த வீட்டில் இப்படி நடந்தது, நான் இப்படிச் செய்தேன், வேறு எப்படிச் செய்திருக்கலாம் என்று பேச ஒரு மணி நேரம் கிடைத்தால் அவர் இந்த வேலையில் இன்னும் ஐந்து வருடம் இருப்பார். மண்டபம் வேண்டாம், ஃப்ளெக்ஸ் வேண்டாம், பந்தி வேண்டாம், இரண்டு நாற்காலி போதும். செலவுத் தலைப்பு எது என்று தணிக்கையில் கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதனால்தான் இது நடைமுறைக்கு ஒத்துவராது.

மாற்று ஏற்பாடாக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குங்கள். களத்துக்குப் போனதற்கு அத்தாட்சியாக ஜியோ டேக் போட்டோ அதில் வந்தாக வேண்டும். ஒருமுறை ஒரு பணியாளர் குடிநோயாளியின் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகச் செல்போனைத் தூக்கிப் படம் எடுக்க, அந்த வீட்டு ஆள் அதற்கப்புறம் கதவையே திறக்கவில்லை. பரவாயில்லை, படம் பதிவாகிவிட்டது. யாராவது குழுவில் “ஒரு கேஸில் சந்தேகம், வழிகாட்டவும்” என்று எழுதினால் உடனடியாகக் காலை வணக்கப் பூங்கொத்துகளை இறக்கி அதை மேலே தள்ளிவிடலாம். மன அழுத்தம் பற்றிப் புகார் வந்தால் அடுத்த பயிற்சியில் இருபது நிமிட மூச்சுப்பயிற்சி சேருங்கள். மூச்சை இழுக்கும்போது அகவிலைப்படி பற்றி நினைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இப்படி ஒன்றரை வருடத்தில் அந்தப் பணியாளர் நுண்கடன் கம்பெனிக்கோ தனியார் பள்ளிக்கோ போய்விடுவார். இடம் காலியானால் புதியவர், புதியவர் வந்தால் புதிய பயிற்சி, புதிய பயிற்சிக்குப் புதிய ஒதுக்கீடு. மறுவாழ்வு மையத்திலிருந்து ஏன் எப்போதும் புதுமுகங்களே வருகிறார்கள் என்பதற்கு விளக்கம் இதுதான்.

மதிப்பீட்டுக்குப் பெரிதாக மெனக்கெட வேண்டாம். பயிற்சிக்கு முன் பத்துக் கேள்வி, பின் அதே பத்துக் கேள்வி. இரண்டாவது தடவை விடைகளைக் கருத்தாளரே வாசித்துவிடுவார், எல்லோரும் பத்துக்குப் பத்து. இந்த முன்னேற்றத்தை வரைபடமாகப் போட்டால் மேலே உள்ளவர்கள் மகிழ்வார்கள். பின்னூட்டப் படிவத்தில் “பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது, இரண்டு நாள் போதாது, உணவு நன்றாக இருந்தது” என்று மூன்று வரி வரும். நடு வரியை மட்டும் அறிக்கையில் விட்டுவிடுங்கள். போன வருடம் பயிற்சி பெற்றவர்களில் எத்தனை பேர் இன்னும் பணியில் இருக்கிறார்கள், எத்தனை பேரைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள் என்ற கேள்விக்குப் படிவத்தில் கட்டமே கிடையாது. யாராவது பேனாவால் கட்டம் வரைந்து நிரப்பினால் படிவம் செல்லாது.

சான்றிதழ் கெட்டி அட்டையில் இருக்கட்டும். பயன்பாட்டுச் சான்றை முகாம் முடிந்த மறுநாளே அனுப்பிவிடலாம். கடைசியாகப் பயணப்படி. வெளிமாவட்டத்திலிருந்து வந்தவர்களிடம் அசல் பஸ் டிக்கெட்டை வாங்கி, வெள்ளைத் தாளில் ஒட்டி, மூன்று பிரதியாகக் கேளுங்கள். மெஷினிலிருந்து வரும் டிக்கெட்டில் எழுத்து நாலு மாதத்தில் அழிந்துவிடும், பில் உங்கள் மேசைக்கு வர ஆறு மாதம் ஆகும். வந்ததும், “இணைக்கப்பட்ட பயணச்சீட்டில் தொகை தெளிவாக இல்லை” என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்புங்கள்.